ஃப்ரெடி குவின் பாட்டில் வருவது எந்தக் கடல்?

கேட்கப்பட்டது இது: ஃப்ரெடி குவின் நிஜமாகவே மாலுமியா? கடலே இல்லாத ஆஸ்திரியாவில் பிறந்தவர் ஜெர்மனியின் கடல் பாடகராக எப்படி ஆனார்? பத்து வருஷம் உச்சியில் இருந்தவர் 1966-க்குப் பிறகு ஏன் பின்னுக்குப் போனார்? புதிதாகக் கேட்பவர் எந்தப் பாட்டில் தொடங்கலாம்?

மாலுமி உடுப்பு அவருக்கு இசைத்தட்டு நிறுவனமும் சினிமாவும் சேர்ந்து தைத்துக் கொடுத்தது. 1931 செப்டம்பர் 27 அன்று ஆஸ்திரியாவில் பிறந்தவர்; இயற்பெயர் மன்ஃப்ரெட் நிட்ல். இளம் வயதில் சர்க்கஸோடு ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்து, கடைசியில் ஹாம்பர்க் வந்து சேர்ந்தார். துறைமுகத்தை ஒட்டிய சாங்க்ட் பவுலி பகுதியில் ‘வாஷிங்டன் பார்’ என்ற மதுக்கடையில் கிட்டாரோடு பாடிக்கொண்டிருந்தபோதுதான், 1954-இல், தொலைக்காட்சிக்காரர்கள் கண்ணில் பட்டார். அடுத்து பாலிடோர் நிறுவனத்தோடு ஒப்பந்தம். கரையில் நின்று கப்பல்காரர்களுக்குப் பாடியவர் என்று சொன்னால் சரியாக இருக்கும். அந்தப் பாட்டுகளைக் கேட்டு அழுதவர்களில் பெரும்பாலானோரும் கப்பல் ஏறாதவர்கள்தான். அவர்கள் ஏன் அழுதார்கள் என்பதில்தான் இவருடைய பாட்டு வாழ்க்கை முழுதும் அடங்கியிருக்கிறது.

1956-இல் வந்த ‘ஹைம்வே’ பாட்டை எடுத்துக்கொள்வோம். ஹைம் என்றால் வீடு, வே என்றால் வலி. ஊர் ஏக்கம் என்று தமிழில் சொல்லலாம். மெட்டு ஜெர்மன் மெட்டு அல்ல. அமெரிக்காவில் டீன் மார்ட்டின் பாடிப் புகழ்பெற்ற ‘மெமரீஸ் ஆர் மேட் ஆஃப் திஸ்’ பாட்டின் மெட்டு. அந்தக் காலத்து ஜெர்மன் இசைத்தட்டுத் தொழிலில் அமெரிக்கப் பாட்டின் உரிமையை வாங்கி, அதே மெட்டுக்கு ஜெர்மன் வரி எழுதி, உள்ளூர்க் குரலில் வெளியிடுவது அன்றாட வேலை. அசல் பாட்டு கடைக்கு வருவதற்குள் ஜெர்மன் தட்டு வந்துவிட வேண்டும். தாமதித்தால் போட்டி நிறுவனம் முந்திக்கொள்ளும். அதனால் பல வரிகள் அவசரத்தில் எழுதிய சக்கைகளாக இருக்கும். ‘ஹைம்வே’ அப்படிப்பட்டதல்ல.

அசல் பாட்டு ஒரு சமையல் குறிப்பு போல ஓடும். இனிய நினைவுகளைச் செய்வது எப்படி என்று ஒவ்வொரு பொருளாக அளந்து போடுவார்கள்: ‘ஒரு பெண், ஒரு பையன், கொஞ்சம் துயரம், கொஞ்சம் களிப்பு’. கல்யாணம், குழந்தைகள் என்று போய் சந்தோஷமாக முடியும். ஜெர்மன் வரிகளை எழுதிய எர்ன்ஸ்ட் பாடரும் டீட்டர் ராஷும் மெட்டில் அதே நான்கு தாளம் விழும் இடத்தில் நான்கு முறை ‘இல்லை’ வைத்தார்கள்: வாழ்த்துச் சொல்ல ஆளில்லை, நெஞ்சில்லை, முத்தமில்லை, சிரிப்பில்லை. அமெரிக்கப் பாட்டு இருப்பதை எண்ணுகிறது, ஜெர்மன் பாட்டு இல்லாததை எண்ணுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு அந்த ஓர் அடியை மட்டும் கேட்டுப் பாருங்கள். மெட்டு இம்மி பிசகாமல் அதே மெட்டு. ஆனால் பாட்டின் அடிப்படையே மாறிவிட்டது. அசலில் கோரஸ் பின்னால் நின்று இனிய நினைவுகள் என்று குழையும். இதில் அதே கோரஸ் ‘அழகாய் இருந்தது அந்தக் காலம்’ என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. பாடுகிறவன் தகிக்கும் பாலைவன மணலில் நிற்கிறான். தன் ஊர் எது என்று அவன் சொல்வதில்லை. பூப்பூக்கும் இடம், பச்சைப் பள்ளத்தாக்கு என்பதோடு நிறுத்திக்கொள்கிறான்.

ஊர்ப் பெயர் சொல்லாததுதான் இந்தப் பாட்டின் பலம் என்பது என் கருத்து. 1950-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி மேற்கு ஜெர்மனியில் ஏறத்தாழ 80 லட்சம் பேர் இரண்டாம் உலகப் போரின் முடிவில் கிழக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள். ஆறு பேரில் ஒருவர். சைலீசியா, பொமரேனியா, கிழக்கு பிரஷ்யா என்று அவர்கள் விட்டு வந்த ஊர்கள் இனி திரும்பிப் போக முடியாத ஊர்கள். 1955 செப்டம்பரில் மேற்கு ஜெர்மனியின் சான்சலர் (அரசுத் தலைவர்) அடெனாவர் மாஸ்கோ போய்ப் பேசிய பிறகுதான் சோவியத் முகாம்களில் மீதமிருந்த சுமார் 10,000 போர்க்கைதிகள் வீடு வந்து சேர்ந்தார்கள். அந்த ரயில்கள் வந்து ஓய்ந்த சில மாதங்களில் இந்தப் பாட்டு வந்தது. வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ளும் பிரெஞ்சு அந்நியப் படையில் சேர்ந்து இந்தோசீனாவிலும் பிறகு அல்ஜீரியாவிலும் கிடந்த ஜெர்மன் இளைஞர்களும் ஏராளம். பாலைவன மணல் என்ற வார்த்தை அவர்கள் வீட்டாருக்கு வெறும் வர்ணனையாக இருந்திருக்காது. 1958-இல் ஃப்ரெடி ‘டேர் லெகியோனேர்’ என்று அந்தப் படைவீரனைப் பெயர் சொல்லியே பாடினார்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். வரி எழுதிய பாடர் ஷ்டெட்டின்காரர். ஃப்ரெடிக்கு நிரந்தர இசையமைப்பாளர்போல அமைந்த லோத்தர் ஓலியாஸ் கோனிக்ஸ்பெர்க்கில் பிறந்தவர். போருக்குப் பிறகு முதல் ஊர் போலந்திடம் போனது, இரண்டாவது சோவியத் ஒன்றியத்திடம் போய்ப் பெயரே கலினின்கிராட் ஆயிற்று. ஊர் ஏக்கம் இவர்களுக்குக் கடையில் வாங்கிய சரக்கு அல்ல.

பிழைபட்ட செய்தி ஒன்று பல இடங்களில் சுற்றுகிறது, அதைத் திருத்திவிடலாம். 1956 மே 24 அன்று சுவிட்சர்லாந்தின் லுகானோவில் முதல் யூரோவிஷன் பாட்டுப் போட்டி நடந்தது. ஏழு நாடுகள், நாட்டுக்கு இரண்டு பாட்டு, மொத்தம் 14. ஜெர்மனி சார்பில் வால்டர் ஆந்திரியாஸ் ஷ்வார்ட்ஸும் ஃப்ரெடியும் பாடினார்கள். ஃப்ரெடி பாடியது ‘ஸோ கேட் டாஸ் யேடே நாஹ்ட்’. ஒவ்வோர் இரவும் வேறொருவனோடு சுற்றும் காதலியைப் பற்றிய ராக் அண்டு ரோல் பாட்டு. இசை ஓலியாஸ்தான். இவர் இத்தனையாவது இடம் பெற்றார் என்று எண் போட்டு எழுதியிருப்பதைப் பார்த்தால் நம்ப வேண்டாம். அந்த வருஷம் நடுவர்கள் ரகசியமாக வாக்களித்தார்கள். வென்றது சுவிட்சர்லாந்தின் லிஸ் அஸியா என்பது மட்டுமே அறிவிக்கப்பட்டது. மற்ற 13 பாட்டுகளுக்கும் வரிசை கிடையாது.

அந்தப் பாட்டைக் கேட்டால் வேறொன்றும் புரியும். அதே 1956-இல் ஃப்ரெடிக்கு முன்னால் இரண்டு பாதைகள் இருந்தன: துள்ளலான ராக் பாடகர், ஊர் ஏக்கப் பாடகர். ராக் தட்டு சொல்லும்படி போகவில்லை, ‘ஹைம்வே’ பத்து லட்சம் தட்டுகளைத் தாண்டியது. எந்தப் பாதை என்பது அதோடு முடிவாயிற்று. துள்ளல் பக்கத்தை அடுத்த ஆண்டுகளில் பீட்டர் கிரவுஸ் போன்ற இளையவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

விற்பனை, முதலிடம் என்றெல்லாம் பேசும்போது ஒரு எச்சரிக்கை. 1950களின் நடுவில் ஜெர்மனியில் பாட்டு வரிசைப் பட்டியல் வெளியிட்டது ‘ஆட்டோமாட்டன்மார்க்ட்’ என்ற பத்திரிகை. அது காசு போட்டு இயக்கும் இயந்திரங்களின் தொழில் பத்திரிகை. மதுக்கடைகளிலும் சிற்றுண்டிக் கடைகளிலும் நின்ற ஜூக்பாக்ஸில் எந்தத் தட்டு எத்தனை முறை ஓடியது என்பதே கணக்கு. இசைத்தட்டு வியாபாரத்துக்கென ‘முசீக்மார்க்ட்’ பத்திரிகை வந்தது 1959-இல்தான். ஆகவே 1956-இல் முதலிடம் என்றால் அதிகம் விற்றது என்று நேரடிப் பொருள் இல்லை. வேலை முடிந்து கடைக்கு வந்தவர்கள் 10 பென்னிங் நாணயத்தைப் போட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்று பொருள். ஃப்ரெடி விஷயத்தில் எனக்கு இது விற்பனைக் கணக்கைவிட முக்கியமான சாட்சி. வீட்டில் தட்டுச்சுழலி வாங்க வசதியில்லாதவர்கள்தான் அவரை மேலே தூக்கியவர்கள்.

அடுத்த வெற்றிகளின் தலைப்பை மட்டும் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: 1957-இல் ‘ஹைமாட்லோஸ்’, ஊரற்றவன். 1959-இல் ‘டீ கிட்டாரெ உண்ட் டாஸ் மேர்’, கிட்டாரும் கடலும். அதே ஆண்டு ‘உண்டர் ஃப்ரெம்டன் ஷ்டேர்னன்’, அந்நிய நட்சத்திரங்களின் கீழே. பாலைவனம் மெல்ல மறைந்து கடல் வந்து உட்காருகிறது. இதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. விரட்டப்பட்டவன் பாட்டு என்று வெளிப்படையாகப் பாடினால் அது அரசியலாகிவிடும், எல்லைத் தகராறாகிவிடும். மாலுமி பாட்டு என்றால் யாருக்கும் சங்கடமில்லை. மாலுமி தானாகவே வீட்டை விட்டுப் போனவன். அவன் ஏங்கலாம், அழலாம், யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வரவும் வழி உண்டு. ஹாம்பர்க்கில் அதற்கு ஆயத்தமான ஓர் அச்சும் இருந்தது. ஹான்ஸ் ஆல்பெர்ஸ் என்ற நடிகர், 1944-இல் எடுத்து முடிக்கப்பட்ட ‘குரோஸே ஃப்ரைஹைட் நம்பர் 7’ படத்தில் அக்கார்டியனோடு ‘லா பலோமா’ பாடி, சாங்க்ட் பவுலி மாலுமிக்கு ஒரு முகம் கொடுத்திருந்தார். அவர் 1960 ஜூலையில் காலமானார். மறு வருஷம் ஃப்ரெடி ‘லா பலோமா’ பாடி முதலிடத்துக்கு வந்தார். காலியான நாற்காலி நிரம்பிவிட்டது.

சினிமா இதை இன்னும் இறுக்கியது. 1959 முதல் 1964 வரை வந்த படங்களில் பலவற்றின் தலைப்பிலேயே அவர் பெயர் இருக்கும்: ஃப்ரெடியும் கிட்டாரும் கடலும், அந்நிய நட்சத்திரங்களின் கீழே ஃப்ரெடி, ஃப்ரெடியும் தென்கடல் பாட்டும், ஃப்ரெடியும் புல்வெளிப் பாட்டும். முறை எளிது. தட்டு வெற்றி பெற்றதும் அதே தலைப்பில் படம், படத்தில் ஐந்தாறு புதுப் பாட்டு, அவை மறுபடி தட்டாக வரும். படங்களாகப் பார்த்தால் பெரும்பாலும் மெலிந்த கதைகள்தான். தென்கடல் படம், புல்வெளிப் படம் என்று இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டு போனதில் 1964-க்குள் சலிப்புத் தட்டிவிட்டது.

மேடை வேறு மாதிரி. 1962-இல் ஹாம்பர்க்கின் ரேப்பர்பான் வீதியை ஒட்டிய ஓப்பரெட்டன்ஹவுஸ் அரங்கில் ‘ஹைம்வே நாஹ் சாங்க்ட் பவுலி’ இசை நாடகம். இசை மறுபடியும் ஓலியாஸ். அமெரிக்காவில் புகழ்பெற்ற ஒரு பாடகன் தான் பிறந்த சாங்க்ட் பவுலிக்கு ஏங்கித் திரும்புவது கதை. இதிலிருந்துதான் ஃப்ரெடியின் ஆகப் பெரிய பாட்டு வந்தது: ‘யுங்கெ, கொம் பால்ட் வீடர்’, மகனே, சீக்கிரம் திரும்பி வா. வரிகள் வால்டர் ரோதன்பர்க் எழுதியவை. ஹாம்பர்க்கில் குத்துச்சண்டைப் போட்டிகள் நடத்தி வந்தவர் அவர். 1963-இல் இது பட்டியலின் உச்சிக்குப் போனது. நாடகமும் அதே ஆண்டு படமாயிற்று. ஹாலிவுட் நடிகை ஜெயின் மான்ஸ்ஃபீல்ட் அதில் நடித்திருக்கிறார்.

இந்தப் பாட்டின் கட்டுமானத்தைக் கவனித்துக் கேட்க வேண்டும். பல்லவி தாயின் சொல். சரணத்தில் மகன் பேசுகிறான்: கடல் என்னை எங்கெல்லாம் அடித்துக்கொண்டு போனாலும், ஒவ்வொரு துறைமுகத்திலும் அம்மாவின் கடிதம் கப்பலேறி வந்தது, அதிக நாள் தங்கிவிடாதே என்று எழுதியிருந்தாள். ஆகப் பல்லவியில் கேட்பது தாயின் குரல் அல்ல. மகன் கடிதத்தை மனப்பாடமாகச் சொல்வது. ஆழ்ந்த ஆண் குரல் ஒன்று ‘மகனே, இனி போகாதே’ என்று பாடுவது விசித்திரமாகத் தோன்றாததற்கு அதுதான் காரணம். ஃப்ரெடி இங்கே குரலை ஏற்றுவதே இல்லை. அழுகையை நடிக்கவும் இல்லை. ஒரு வாக்கியத்தைப் பல தடவை படித்துப் பழகியவர்போல மட்டமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். இதைப் பாட முயன்ற பலர் பல்லவியில் தொண்டையை நடுங்கவைத்துக் கெடுத்துவிட்டார்கள்.

நாடகம் மேடையேறிய அதே 1962-இல், ஏப்ரல் 13 அன்று, ஓப்பரெட்டன்ஹவுஸ் அரங்கிலிருந்து நடந்து போகிற தூரத்தில், குரோஸே ஃப்ரைஹைட் தெருவில் ஸ்டார் கிளப் என்ற ராக் இசைக் கூடம் திறந்தது. தொடக்க நாட்களில் மேடையேறியவர்கள் பீட்டில்ஸ். அவர்கள் 1960 முதலே அந்தப் பேட்டையில் இரவு முழுக்க வாசித்து வந்தவர்கள். அவர்களை ஆங்கிலப் பாடகர் டோனி ஷெரிடனோடு சேர்த்து 1961 ஜூனில் ஹாம்பர்க்கில் பதிவு செய்தவர் பெர்ட் கேம்ப்ஃபெர்ட், பாலிடோரில் ஃப்ரெடியின் பதிவுகளிலும் வேலை செய்த அதே ஆள். ஒரே நிறுவனம், ஒரே பேட்டை, ஒரே ஆண்டுகள். அப்பா அம்மா ஓப்பரெட்டன்ஹவுஸில் உட்கார்ந்திருக்கையில் பிள்ளை பக்கத்துத் தெருவில் நின்றான். ஃப்ரெடியின் இறக்கத்துக்கு விதை விழுந்தது இங்கேதான், அவர் மிக உயரத்தில் இருந்தபோதே.

உச்சி, இறக்கம் இரண்டையும் 1966 ஒரே ஆண்டில் காட்டுகிறது. அமெரிக்க ராணுவ சார்ஜென்ட் பாரி சாட்லர் பாடிய ‘பாலட் ஆஃப் த கிரீன் பெரேஸ்’ வியட்நாம் போர்க்காலத்தில் படைவீரனைப் போற்றிய பாட்டு. அதன் மெட்டுக்கு மறுபடி எர்ன்ஸ்ட் பாடர் வரி எழுதினார்: ‘ஹுண்டர்ட் மான் உண்ட் ஐன் பெஃபேல்’, நூறு பேர், ஒரு கட்டளை. பெருமையெல்லாம் போய்விட்டது. யாரும் விரும்பாத பாதையில் நூறு பேர் நடக்கிறார்கள், அவர்களில் நானும் ஒருவன், வீடு வெகு தொலைவில். பத்து வருஷத்துக்கு முன் ‘ஹைம்வே’யில் செய்த அதே வைத்தியம்: அமெரிக்க நிறைவைக் கழற்றிவிட்டு ஜெர்மன் இழப்பை மாட்டுவது. கல்லும் மணலும் இதிலும் வருகின்றன. இதுவும் முதலிடம் போனது.

அதே ஆண்டு வந்த ‘வீர்’ அவரைக் காயப்படுத்திய பாட்டு. வீர் என்றால் ‘நாம்’. நீள முடி வளர்த்து வேலைக்குப் போகாமல் பூங்காக்களில் உட்கார்ந்த இளைஞர்களை அன்று ‘காம்லர்’ என்று அழைத்தார்கள். சான்சலர் எர்ஹார்டே அவர்களைக் கண்டித்துப் பேசியிருந்தார். அந்தச் சோம்பேறிகளோடு சேர்த்துப் பார்க்கப்பட விரும்பாதவர்கள் யார் என்று பாட்டில் ஃப்ரெடி கேட்கிறார், ‘நாம்!’ என்று பதில் வருகிறது. இசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தவறு பேசும் இடத்தில் இருக்கிறது. அதுவரை ஃப்ரெடியின் பாத்திரம் ஊரற்றவன், வீடற்றவன், கூட்டத்துக்கு வெளியே நிற்பவன். இந்தப் பாட்டில் அவர் கூட்டத்தின் உள்ளே போய் நின்று, வெளியே நிற்பவனைக் கை காட்டுகிறார். ‘ஹைமாட்லோஸ்’ பாடிய வாயில் இது பொருந்தவில்லை. இளைஞர்கள் அவரை விட்டு அப்போதே முழுதாக விலகினார்கள். அன்று எடுத்த பேரைப் பிறகு அவரால் துடைக்க முடியவில்லை. இந்த ஒரு பாட்டை மட்டும் கேட்டுவிட்டு அவரைப் பழமைவாதி என்று முடித்துவிடுவது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

பிறகு வந்த ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். தட்டு விற்பனை இறங்கியது, மேடையும் தொலைக்காட்சியும் தாங்கின. சர்க்கஸ் மோகம் அவரை விடவில்லை. கயிற்றின்மேல் நடக்க முறையாகப் பயின்று அரங்கில் நடந்தும் காட்டினார். 2004-இல் ஹாம்பர்க் நீதிமன்றம் வரி ஏய்ப்புக்காக அவருக்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதித்து அதை நிறுத்திவைத்தது. இருப்பிடம் சுவிட்சர்லாந்து என்று கணக்குக் காட்டிவிட்டுப் பெரும்பாலும் ஹாம்பர்க்கில் வாழ்ந்ததே வழக்கு. அவர் ஒப்புக்கொண்டு பணத்தைக் கட்டினார்.

இனி, கேட்கத் தொடங்குகிறவருக்கு. பழைய தட்டுகளில் பெயர் ‘ஃப்ரெடி’ என்று மட்டுமே அச்சாகியிருக்கும். குவின் என்று தேடினால் பாதி தவறிப்போகும். வெற்றிப் பாட்டுகளை அக்காலப் பாடகர்கள் பின்னாளில் மறுபடி பதிவு செய்வது வழக்கம், ஃப்ரெடிக்கும் அப்படி உண்டு. உறையில் ‘நாய்ஆஃப்னாமெ’ என்று இருந்தால் அது மறுபதிவு. ‘ஒரிகினால்ஆஃப்னாமெ’ என்றால் அசல். எதுவும் போடவில்லையா, 1956 பாட்டுக்கு ஸ்டீரியோ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீரியோ தட்டுகள் சந்தைக்கு வந்ததே 1958-இல். ஆகையால் அது மறுபதிவாகவோ, ஒற்றை ஒலித்தடமான மோனோவைப் பிற்பாடு இரண்டாகப் பிரித்து எதிரொலி பூசியதாகவோதான் இருக்கும். இரண்டிலும் கிட்டாரின் நெருக்கம் போய்விடும். 45 சுற்றுத் தட்டையே வாங்குவதானால், நடுவில் 38 மில்லிமீட்டர் துளை இருக்கும். சாதாரணச் சுழலிக்கு நடுவில் வைக்கும் வில்லையையும் சேர்த்து வாங்க வேண்டும். ஜூக்பாக்ஸில் கிடந்த தட்டுகள் கனமான ஊசியால் தேய்ந்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், தடங்கள் சாம்பல் பூத்திருந்தால் விட்டுவிடுங்கள்.

வரிசை என்று கேட்டால், முதலில் டீன் மார்ட்டின் பாட்டு, உடனே ‘ஹைம்வே’. பிறகு லுகானோவில் பாடிய ராக் பாட்டு, அவர் போகாமல் விட்ட பாதை தெரிவதற்காக. அடுத்து ‘கிட்டாரும் கடலும்’, ‘மகனே, சீக்கிரம் திரும்பி வா’. சாட்லரின் பாட்டையும் ‘நூறு பேர், ஒரு கட்டளை’யையும் சேர்த்துக் கேளுங்கள். ‘வீர்’ பாட்டைக் கடைசியில் வையுங்கள், முதலில் வேண்டாம். ஜெர்மன் தெரியாதவர் ஹைமாட், ஃபெர்ன், வீடர் என்ற மூன்று சொற்களை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்: ஊர், தொலைவு, மறுபடி. ஏறக்குறைய எல்லாப் பாட்டிலும் இந்த மூன்றில் ஒன்று காதில் விழும்.